கேள்வி கேட்கக் கற்றல்: புதுக்கோட்டைக் கல்வியியல் மாணவர்களும் இணையவழி ஆய்வுப் பயிற்சியும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆய்வாளர்களின் கண்ணில் படாத பகுதி அன்று. சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1910இல் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்து, 1929இல் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாகத் தொகுத்து அச்சிட்ட மண் இது. இச்சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் அரசின் வரலாற்றை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸின் ‘தி ஹாலோ கிரௌன்’ 1987இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில் நடந்த ‘அறிவொளி’ எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து எழுதிய ‘லிட்டரசி அண்ட் எம்பவர்மென்ட்’ 1996இல் நூலாயிற்று. அதே இயக்கத்தின் பிற்கால வாழ்வை ஊர் ஊராகத் தங்கிக் கவனித்து பிரான்சிஸ் கோடி எழுதிய ‘தி லைட் ஆஃப் நாலெட்ஜ்’ 2013இல் வந்தது. இவற்றுள் பின்னிரண்டும் கல்வியைப் பற்றியவை.

இந்நூல்களில் கேள்வி கேட்டவர்கள் பல்கலைக்கழக அறிஞர்களும் ஆட்சிப் பணியாளரும் ஆவர். இம்மாவட்டத்து வகுப்பறையில் அன்றாடம் நிற்கும் ஆசிரியர் ஆய்வுக்குரியவராகவும் தகவல் தருபவராகவும் இருந்திருக்கிறார். கேள்வியை வகுத்து, சான்று திரட்டி, முடிவு உரைக்கும் ஆய்வாளராக அவர் நிற்பது அரிது. இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது முதுநிலைக் கல்வியியல் படிப்பாகிய எம்.எட். ஆகும். ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர் முதன்முறையாக ஆய்வேடு எழுதுவது அப்படிப்பில்தான். அம்மாணவருக்கு ஆய்வுத் திறனைக் கற்பிப்பதில் இணையமும் கணினியும் எவ்வாறு துணைநிற்க முடியும், எந்த இடத்தில் அவை போதாமல் போகும் என்பதைப் புதுக்கோட்டையின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுத் திறன் எனப்படுவது

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் எம்.எட். ஈராண்டுப் படிப்பாயிற்று, ஆய்வேடு அதன் கட்டாயப் பகுதியாக உள்ளது. தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரிகள், புதுக்கோட்டை அரசு கல்வியியல் கல்லூரி உட்பட, 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஆகவே ஆய்வு முறையியல் என்ற பாடத்தை எம்.எட். மாணவர் அனைவரும் படிக்கின்றனர். கருதுகோள், அதாவது சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கப்படும் தற்காலிக விடை; மாறி, அதாவது ஆளுக்கு ஆள் அல்லது சூழலுக்குச் சூழல் வேறுபடும் பண்பு; மாதிரி, அதாவது முழுத்தொகையிலிருந்து ஆய்வுக்கென எடுக்கப்படும் சிறு பகுதி ஆகியவற்றின் வரையறைகள் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

வரையறை தெரிவதும் செய்யத் தெரிவதும் வெவ்வேறு. கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஓர் அமைப்பு நன்கு தெரிந்திருக்கும்: மேனிலை மாணவர்களின் ஏதேனும் ஒரு மனப்பான்மையை எடுத்துக்கொண்டு, முந்நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து, ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசுப் பள்ளி–தனியார் பள்ளி, தமிழ்வழி–ஆங்கிலவழி என்று வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கருதுகோள் எழுதி, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ அல்லது ‘இல்லை’ என்று முடிப்பது. இவ்வமைப்பைப் பின்பற்றும் மாணவர் உழைக்காதவர் அல்லர். பள்ளி பள்ளியாக அலைந்து, தலைமையாசிரியர்களிடம் அனுமதிக்குக் காத்திருந்து, தாள்களைத் திரட்டி, இரவெல்லாம் கூட்டிப் போட்டவர்தான். அவருக்கு முந்தையோரின் வடிவம் கையளிக்கப்பட்டது. அவ்வடிவம் ஏன் தோன்றியது, எந்தக் கேள்விக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று எடைபோடும் பயிற்சி கையளிக்கப்படவில்லை.

அப்பயிற்சியே ஆய்வுத் திறனின் உயிர். தச்சனின் கைத்திறன் போல அது தேர்ந்தவர் செய்வதை அருகிருந்து பார்த்து, தானும் செய்து, தவறி, திருத்தப்பட்டு வருவது. நெறியாளரின் அறையில் இருவருக்கிடையே மட்டும் நிகழும் இத்திருத்தம் பிற மாணவர்களின் கண்ணுக்கு மறைந்தே போகிறது. முடிந்த ஆய்வேட்டின் கட்டமைப்பை எல்லாரும் பார்க்கின்றனர். அது மூன்று முறை இடிக்கப்பட்டு எழுந்ததை எவரும் பார்ப்பதில்லை. மறைந்து கிடக்கும் இந்த இடைநிலையைக் கண்முன் கொண்டுவரும் அளவுக்கே தொழில்நுட்பம் ஆய்வுக் கல்விக்குப் பயன்படும்.

கிடைப்பும் திறனும்

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை புதுக்கோட்டையில் ஆய்வு செய்ய விரும்பிய ஆசிரியரின் முதல் இடர்ப்பாடு நூல் கிடைக்காமைதான். அக்குறையைத் தனி மனித உழைப்பு ஓரளவு ஈடுசெய்தது: பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தங்கள் ஊதியத்திலிருந்து வாங்கிச் சேர்த்து, திருக்கோகர்ணத்தில் உருவாக்கிய ‘ஞானாலயா’ நூலகம், தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடி வருவோருக்குப் புகலிடமாயிற்று. ஆயினும் கல்வியியல் துறையின் ஆய்விதழ்களுக்குத் திருச்சிராப்பள்ளிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது.

அந்த நிலை மாறிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று கூறியதை அடுத்து, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் ‘சோத்கங்கா’ என்னும் பொதுக் களஞ்சியத்தை உருவாக்கியது. லட்சக்கணக்கான இந்திய ஆய்வேடுகள் அதில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கல்லூரிகளுக்கென அதே நிறுவனம் நடத்தும் ‘என்-லிஸ்ட்’ திட்டம் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் திறந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வித் துறையின் ‘எரிக்’ தரவுத்தளம் 1960களிலிருந்து கல்வியியல் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தி வருகிறது. 2017இல் தொடங்கப்பட்ட ‘சுவயம்’ தளத்தில் ஆய்வு முறையியலும் கல்விசார் எழுத்தும் படிப்புகளாகக் கிடைக்கின்றன. மாவட்டத்தின் அறந்தாங்கியிலிருந்து ஒரு செல்போனில் இவை அனைத்தையும் திறக்கலாம்.

நூல் கிடைக்காமை தீர்ந்த இடத்தில் வேறொரு சிக்கல் முளைக்கிறது. பத்து நூல் கிடைத்த காலத்தில் மாணவர் பத்தையும் படித்தார். பத்தாயிரம் தலைப்புகள் திரையில் உருளும்போது எதை விடுவது என்று அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே முந்தைய ஆய்வுகளின் மீள்பார்வை என்ற அதிகாரம், ஆண்டு வாரியாக அடுக்கப்பட்ட சுருக்கங்களின் பட்டியலாகிவிடுகிறது. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு பத்தி. ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் பேச்சில்லை. முந்தைய ஆய்வுகள் தம்முள் எங்கே உடன்படுகின்றன, எங்கே முரண்படுகின்றன, எவரும் தொடாத இடம் எது என்று கண்டு சொல்வதே மீள்பார்வை. இதைக் கற்பிக்க எளிய வழி, பத்து மாணவர் சேர்ந்து ஒரே இணைய விரிதாளில் எழுதுவது: ஆய்வின் கேள்வி, மாதிரி, கருவி, முடிவு, ஐயத்துக்குரிய இடம் என்று ஐந்து நெடுவரிசைகள், ஒருவருக்கு மூன்று ஆய்வுகள். முப்பது வரிசைகள் நிரம்பியதும், ஒரே கேள்விக்கு இரு ஊர்களில் இரு விடை வந்திருப்பது கண்ணில் படும். அவ்விடத்தில் பிறக்கும் ‘ஏன்’ என்ற சொல்லே ஆய்வின் தொடக்கம்.

தமிழில் தேடுதல்

தமிழில் ஆய்வு செய்யும் மாணவருக்குத் தேடலில் கூடுதலாக ஒரு முட்டுக்கட்டை உண்டு. பொதுவான ஆய்வு முறையியல் படிப்புகளில் அதற்கு இடமிருப்பதில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆய்வேடுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. ஒருங்குறி என்பது உலக மொழிகள் ஒவ்வொன்றின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை. பழைய எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துக்குரிய எண்களின் மீது தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. பாமினியில் ‘கல்வி’ என்று அடிக்கப்பட்ட சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே அது எஃப், ஒய், ஓர் அரைப்புள்ளி, டி, பி என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கிறது. அவ்வாறு சேமிக்கப்பட்ட கோப்புக்குள் ஒருங்குறியில் ‘கல்வி’ என்று தேடினால், அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தாலும் விடை சுழியமே. தாளிலிருந்து படம் பிடிக்கப்பட்ட கோப்புகளின் நிலையும் இதுதான்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்டவை தாமாக மாறிவிடவில்லை. இதை அறியாத மாணவர், ‘இத்தலைப்பில் தமிழில் ஆய்வுகள் எவையும் இல்லை’ என்று நேர்மையாகவே எழுதிவிடுகிறார். அறிந்தவரோ ஆய்வேட்டின் உள்ளே தேடாமல், தலைப்பு, நெறியாளர், துறை, பல்கலைக்கழகம் ஆகிய விவரங்களின் வழியே தேடுகிறார். ஆங்கிலத்திலும் ஒலிபெயர்ப்பிலும் தேடுகிறார். பழைய எழுத்துருக் கோப்பை எழுத்துரு மாற்றிக் கருவியில் இட்டு ஒருங்குறியாக்குகிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், மதுரைத் திட்டம், இலங்கையின் நூலகம் நிறுவனம் ஆகியவற்றுக்கும் போய்ப் பார்க்கிறார். நெறியாளர் தம் திரையைப் பகிர்ந்து, ஒரு சொல்லைப் போட்டு, வெறுங்கையோடு திரும்பி, வேறு வழி யோசிப்பதை மாணவர்கள் அரைமணி நேரம் பார்ப்பார்களானால், இத்திறன் அவர்களிடம் ஒட்டிக்கொள்ளும். தேர்ந்தவரும் தோற்றுத்தான் கண்டடைகிறார் என்பதையும் அவர்கள் அப்போது காண்பார்கள்.

ஒரு வினா உருவாகும் விதம்

கல்வியியல் ஆய்வில் பெரும்பாலும் கருவி எனப்படுவது வினாநிரலே. ஆங்கிலத்தில் உருவான அளவுகோல் ஒன்றை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். இதில் நேரும் சறுக்கலையும், கூட்டுத் திருத்தத்தால் அது சீராவதையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வீட்டில் படிக்கும் சூழலை அளக்க விரும்பும் மாணவர் ஒருவர், ‘எனது கற்றல் சூழல் எனக்கு உகந்ததாக உள்ளது’ என்ற கூற்றை எழுதி, ‘முழுவதும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து விடைகளைத் தருகிறார் எனக் கொள்வோம். அது அனைவரும் திருத்தக்கூடிய பொது ஆவணத்தில் இருக்கிறது. ஆவுடையார்கோவில் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு ‘கற்றல் சூழல்’ என்றால் என்ன விளங்கும் என்று சக மாணவர் ஒருவர் ஓரக்குறிப்பில் கேட்கிறார். கூற்று மாறுகிறது: ‘நான் படிக்கும் அறையில் யாரும் தொந்தரவு செய்வதில்லை.’ ஒற்றை அறையே வீடாக இருக்கும் குடும்பங்களில் ‘படிக்கும் அறை’ என்ற ஒன்று ஏது என்று அடுத்த குறிப்பு வருகிறது. மூன்றாம் வடிவம் கேள்வியாகிறது: ‘நேற்று மாலை வீட்டில் எங்கே உட்கார்ந்து படித்தாய்? அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள்?’

முதல் வடிவம் பிள்ளையின் கருத்தைக் கேட்டது. மூன்றாவது வடிவம் நேற்று நடந்த ஒரு செயலைக் கேட்கிறது. முதலாவதற்குப் பிள்ளை ஆசிரியருக்குப் பிடித்த விடையைத் தரக்கூடும். மூன்றாவதற்கு நினைவிலிருந்து சொல்லும். ஒரு கருவி தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையில் அளக்கிறதா என்பதை ஏற்புடைமை என்றும், மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒத்த விடை தருகிறதா என்பதை நம்பகத்தன்மை என்றும் பாடநூல் வரையறுக்கிறது. லீ கிரான்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா என்னும் நம்பகத்தன்மைக் கெழுவை மென்பொருள் ஒரு நொடியில் கணக்கிட்டுத் தரும். ஆனால் பிள்ளைக்கு விளங்காத இருபது கூற்றுகளும் ஒரே மாதிரி விளங்காமல் போனால், அக்கெழு உயர்ந்தே நிற்கக்கூடும். ஏற்புடைமையை எந்த மென்பொருளும் கணக்கிட்டுத் தராது. ஐந்தாறு பிள்ளைகளிடம் ஒவ்வொரு வினாவையும் வாசித்துக்காட்டி, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உன் சொல்லில் சொல்’ என்று கேட்டு, பெற்றோரின் இசைவோடு அவ்விடையைச் செல்போனில் பதிவுசெய்து, குழுவாகக் கேட்டுப் பார்ப்பதே அதற்கு வழி.

பொது ஆவணத்தின் சிறப்பு, அது பழைய வடிவங்கள் அனைத்தையும் சேமித்து வைக்கிறது என்பதே. தேதி வாரியாகப் பின்னோக்கிப் போனால் ஒரு வினா அடைந்த மாற்றம் முழுவதும் தெரியும். நெறியாளரின் சிவப்பு மை ஒருவருக்கே பாடமானது. ஓரக்குறிப்பு பத்துப் பேருக்கும், அடுத்த ஆண்டு வருவோருக்கும் பாடமாகிறது. மதிப்பெண்ணில் ஒரு பங்கை இறுதி வடிவத்துக்கு அளிக்காமல் இத்திருத்த வரலாற்றுக்கு அளித்தால், மாணவர் தம் தவறுகளை மறைக்க வேண்டிய தேவையும் நீங்கும்.

எண்களின் பொருள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. கடலோர மணமேல்குடிக்கும், திருச்சி எல்லையை ஒட்டித் தொழிற்சாலைகள் அமைந்த விராலிமலைக்கும் பள்ளிச் சூழலில் வேறுபாடு பெரிது. நகரைச் சுற்றியுள்ள ஆறு பள்ளிகளில் திரட்டிய தரவை ‘மாவட்ட மாணவர்கள்’ என்று எழுதி, அதையே ‘சமவாய்ப்பு மாதிரி’ என்றும் அழைப்பது கருத்துப் பிழை. சமவாய்ப்பு மாதிரியில் முழுத்தொகையின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தேர்வாக அறியத்தக்க வாய்ப்பு இருக்க வேண்டும். கைக்கு எட்டியதை எடுப்பது வசதி மாதிரி. நடுவண் அரசின் ‘யுடைஸ் பிளஸ்’ தளத்தில் பள்ளி விவரங்கள் பொதுப் பார்வைக்குக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றிய வாரியாகப் பட்டியலிட்டு, விரிதாளின் சமவாய்ப்பு எண் வசதியால் ஒவ்வொன்றிலிருந்தும் பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு மணி நேர வேலை. அவ்வேலையை நேரலை வகுப்பில் அனைவரும் சேர்ந்து செய்து பார்த்தபின், வசதி மாதிரியையே எடுக்க நேர்ந்தாலும், அதை அப்பெயராலேயே அழைக்கும் துணிவு மாணவருக்கு வரும்.

புள்ளியியல் சோதனையிலும் இவ்வாறே. பெரிய மாதிரியில் 0.05 நிலைக்கு 1.96 என்ற எல்லை எண்ணை எம்.எட். மாணவர் எவரும் மறப்பதில்லை. உண்மையில் வேறுபாடே இல்லாத இடத்திலும் நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாக ‘வேறுபாடு உண்டு’ என்று காட்டிவிடும் என்பதே அந்த 0.05இன் பொருள். அப்படியானால் ஒன்றையொன்று சாராத இருபது ஒப்பீடுகளைச் செய்யும் ஆய்வேட்டில், உண்மை வேறுபாடு எதுவும் இல்லாத போதும், ஒன்றேனும் ‘குறிப்பிடத்தக்கதாக’ வெளிப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். செய்து காட்டுவது எளிது. கட்டணமில்லா ‘ஆர்’, ‘ஜமோவி’ போன்ற மென்பொருள்களிலோ சாதாரண விரிதாளிலோ, ஒரே தொகுதியைச் சேர்ந்த எண்களைக் குருட்டாம்போக்காக இரண்டாகப் பிரித்து, ‘இது ஆண், இது பெண்’ என்று பெயர் சூட்டி, இருபது முறை சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். வகுப்பில் பலருக்கு எங்கோ ஒரு ‘வேறுபாடு’ கிடைக்கும். தாமே உருவாக்கிய பொய்யான வேறுபாட்டைத் தம் திரையில் பார்த்த மாணவர், அதன்பின் கருதுகோள்களை அடுக்கிக்கொண்டு போகமாட்டார்.

இணையப் படிவத்தால் தரவு திரட்டுவதிலும் எச்சரிக்கை தேவை. செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அப்படிவத்துக்குள் வருவதே இல்லை. இணையவழிக் கற்றலில் உள்ள தடைகளை இணையப் படிவம் கொண்டு ஆராய்பவர், தடைப்பட்டவர்களை முதலிலேயே வெளியே நிறுத்திவிடுகிறார்.

தொலைவும் நெருக்கமும்

தொலைநிலைக் கல்வியைப் பற்றிச் சிந்தித்த மைக்கேல் மூர், கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையிலான தொலைவைக் கிலோமீட்டரால் அளக்கக் கூடாது என்றார். உரையாடல் குறையக் குறையப் பெருகும் புரிதல் இடைவெளியே உண்மையான தொலைவு என்பது அவர் கருத்து. கனடாவில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000இல் முன்வைத்த உசாவல் சமூகக் கோட்பாடு, இணைய வகுப்பு உயிர்பெற மூன்று முன்னிலைகள் வேண்டும் என்கிறது: கருத்தோடு மோதிப் பொருள் காணும் அறிவு முன்னிலை, ஒருவரையொருவர் மனிதராக உணரும் சமூக முன்னிலை, போக்கை வகுத்து வழிநடத்தும் கற்பித்தல் முன்னிலை. காணொளிகளைத் தளத்தில் ஏற்றிவிட்டு முடிவில் பலவுள் தெரிவு வினாக்களை வைக்கும் படிப்பில், இம்மூன்றும் மெலிந்தே இருக்கின்றன. அதில் தேறியவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். தம் சொந்தக் கேள்வியை இன்னொருவர் முன் வைத்து நியாயப்படுத்தும் அனுபவம் கிடைக்காது.

எனவே காணொளியைச் சுருக்கி உரையாடலைப் பெருக்குவதே ஆய்வுக் கல்வியின் தேவை. மாவட்டத்தின் நடைமுறையும் இதையே வேண்டுகிறது. எம்.எட். மாணவர்களுள் பலர் வீட்டுப் பொறுப்பையோ தனியார் பள்ளி வேலையையோ சுமந்தபடி படிப்பவர்கள். மாலை ஏழு மணி நேரலை வகுப்பு, சமையல் நேரத்தில் வந்து நிற்கும் வகுப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபின் மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை நினைத்தால், எப்போதும் இணைப்பு இருக்கும் என்ற எண்ணத்தில் வகுக்கப்படும் பயிற்சி எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது புரியும். வாரத்துக்கு ஒரு குறுகிய நேரலைச் சந்திப்பு, மற்ற நாட்களில் அவரவர் நேரத்தில் எழுதும் ஓரக்குறிப்புகள், வாட்ஸ்அப்பில் சில நிமிடக் குரல்பதிவாக நெறியாளரின் கருத்து, தரவிறக்கி வைத்துக்கொள்ளத்தக்க சிறு கோப்புகள் என்று அமைத்தால், குறைந்த டேட்டாவிலும் பயிற்சி நடக்கும்.

களத்துக்குப் போகாமல் ஆய்வு இல்லை என்பதற்கும் இம்மாவட்டமே சான்று. 2021இல் புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு நடத்தியது, தொலைநிலையில் கற்பிப்பதற்கென்றே நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே பணியைத் தொடர்ந்தது. அஞ்சலிலும் இணையத்திலும் பாடம் நடத்தும் நிறுவனமும் ஆய்வென்று வந்தபோது மண்ணில் குழி தோண்டியது. கல்வியியல் மாணவரின் குழி வகுப்பறையே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கக் கூடாது என்று விலக்கியிருப்பதன் பின்னணியிலும் இவ்வுண்மை உண்டு. நேர்ப் பயிற்சியின் இடத்தை இணையம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரு நேர்ச் சந்திப்புகளுக்கு இடையே கைவிடப்பட்டுக் கிடக்கும் வாரங்களை அது நிரப்பினால் போதும்.

நேர்மை என்னும் திறன்

மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகள் கருத்துத் திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் படிநிலைப்படுத்தின. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதன் விளைவாக, நேர்மை என்பது மென்பொருள் காட்டும் ஓர் எண்ணைக் குறைப்பது என்ற எண்ணம் பரவியது. சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைக்கலாம். கடன்பட்ட கருத்துக்கு உரியவரைச் சொல்லாத குற்றம் அதனால் குறையாது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் சிக்கல் இன்னொரு படி கடந்துவிட்டது. உலகில் இல்லாத நூலுக்கும் கட்டுரைக்கும்கூட அத்தகைய செயலிகள் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எண் எல்லாம் சேர்த்து நம்பத்தக்க வடிவில் கொடுத்துவிடும். தடை விதிப்பதைவிட, அச்செயலி தரும் பத்து மேற்கோள்களை எரிக்கிலும் சோத்கங்காவிலும் தேடி, எவை உண்மையில் உள்ளன என்று சரிபார்த்து எழுதும் பயிற்சி பயன் தரும். மேற்கோள் என்பது அழகுக்குச் சூட்டும் பூவன்று, வாசகர் சென்று சரிபார்க்கத்தக்க முகவரி என்பதை மாணவர் அப்பயிற்சியில் தாமே உணர்வார். படித்தவற்றை உடனுக்குடன் குறித்துச் சேமிக்கும் ‘ஸோட்டெரோ’ போன்ற கட்டணமில்லாச் செயலியைப் படிப்பின் முதல் வாரத்திலேயே பழக்கிவிட்டால், இறுதி மாதத்தின் அவசரத்தில் பிறக்கும் தவறுகளும் குறையும்.

ஆய்வுக்குட்படும் பிள்ளைகளைப் பொறுத்தும் நேர்மை உண்டு. இணையப் படிவத்தில் பெயரும் செல்பேசி எண்ணும் கேட்பது ஒரு சொடுக்கில் முடிகிற காரியம். அதனாலேயே தேவையின்றிக் கேட்கப்படுகிறது. ஆய்வின் கேள்விக்கு வேண்டாத எந்த விவரத்தையும் பெறாதிருத்தல், பெற்றோரின் இசைவைப் புரியும் தமிழில் எழுதிக் கேட்டல், கோப்பை யார் யார் திறக்கலாம் என்று வரையறுத்தல் ஆகியவை ஆய்வுத் திறனின் பகுதிகளே.

மிதிவண்டி கற்பித்த பாடம்

அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவோடு மிதிவண்டியையும் இணைத்த அந்த முயற்சியை இதழாளர் பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். மிதிவண்டி அதற்கு முன்பும் ஊர்களில் இருந்தது, பெண்கள் ஏறவில்லை. பலர் கூடிய திடலில், விழுந்தால் சிரிக்காமல் தூக்கிவிடும் கூட்டத்தில், பின்னிருக்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வர, உரிய நேரத்தில் பிடியை விட, அவர்கள் ஓட்டினார்கள். கற்றவர்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கருவி, திடல், பிடித்து ஓடும் கை, பிடியை விடும் பக்குவம் ஆகிய நான்கும் சேர்ந்ததால் வந்த வெற்றி அது.

இன்றைய எம்.எட். மாணவரிடம் கருவி இருக்கிறது. திடலும் கையுமே குறை. அவற்றை அமைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கல்வியியல் கல்லூரிகளும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து, மாணவர் அனைவரும் வரைவுகளைப் பகிரும் பொது இணையப் பணியிடம் ஒன்றை நடத்தலாம். சோத்கங்கா முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது, எம்.எட். ஆய்வேடுகள் கல்லூரி அலமாரிகளோடு நின்றுவிடுகின்றன. மாவட்டத்தில் எழுதப்பட்ட அவற்றை ஒருங்குறியில், தேடத்தக்க வடிவில் தொகுத்தால், புதிய மாணவர் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆண்டுதோறும் பொதுக் கேள்வி ஒன்றை எடுத்து, ஒன்றியத்துக்கு ஒருவராக 13 பேர் ஒரே கருவியால் ஆராய்ந்தால், தனித்தனியே சிறியவையான ஆய்வேடுகள் சேர்ந்து மாவட்டத்தின் முழு வடிவத்தைக் காட்டும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் கற்ற பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்தபின் எப்படி வாசிக்கிறது? அதே ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பின் முதல் பாடவேளை எப்படி மாறியிருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை அறிய மிக அருகில் நிற்பவர் அந்த வகுப்பறையின் ஆசிரியரே.

டர்க்ஸும் கோடியும் தொலைதூரத்திலிருந்து வந்து, இம்மண்ணின் மொழியைக் கற்று, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கேட்ட கேள்விகள் மதிப்பு மிக்கவை. அம்மொழியில் பிறந்து, அப்பிள்ளைகளின் பெயர்களை அறிந்து, பள்ளி மணி அடித்தபின்னும் அவ்வூரிலேயே இருக்கும் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு. அவற்றைக் கேட்க அவருக்குக் கற்பிக்கும் வரை, புதுக்கோட்டை வகுப்பறையைப் பற்றிய அறிவில் பாதி எழுதப்படாமலே இருக்கும்.